தமிழ்நாட்டுப் பிள்ளை, இலங்கைப் பிள்ளை: பதின்வயதினரின் உடம்பையும் அன்றாட நெருக்கடியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

இரண்டு நாட்டுப் பதின்வயதுப் பிள்ளைகளை ஒப்பிட வேண்டும் என்றால் பெரும்பாலானோர் முதலில் செய்வது, இணையத்தில் நாட்டுக்கொரு சதவீதத்தைத் தேடியெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான். அதைக் கடைசியில் செய்யுங்கள். முதலில் பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள், அப்புறம் பரீட்சை முடிந்தபின் அந்தப் பிள்ளைக்கு என்ன வழி இருக்கிறது என்று பாருங்கள், எண்கள் அதற்குப் பிறகு வரட்டும். இந்த வரிசையில் போனால்தான் எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பது புரியும்.

இங்கே தமிழ்நாட்டையும் இலங்கையின் வடக்குப் பகுதியையும் எடுத்துக்கொள்கிறேன். மொழி ஒன்று, சாப்பாடு கிட்டத்தட்ட ஒன்று, பிள்ளை டாக்டராக வேண்டும் என்ற வீட்டு ஆசையும் ஒன்றேதான். பள்ளி நேரம், பரீட்சை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் வேறு. இவ்வளவு பொதுவாக இருக்கும்போது வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கொஞ்சம் சுலபம். ப்ராஜெக்ட் செய்கிற மாணவர்கள், ஆசிரியர்கள், இரண்டு கரையிலும் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் யார் வேண்டுமானாலும் செய்யலாம். வேறு இரண்டு நாடுகளை எடுத்தாலும் முறை இதுதான்.

முதலில் "நேற்று" என்று கேளுங்கள்

ஒரு தாளில் 24 மணி நேரத்தை அரை மணிக் கட்டங்களாகப் பிரித்தால் 48 கட்டம் வரும். 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்து, நேற்று என்ன நடந்ததோ அதை அப்படியே நிரப்பச் சொல்லுங்கள். "வழக்கமாக" என்று கேட்கவே கூடாது. கேட்டால், விடியற்காலை எழுந்து படிக்கிற ஒரு நல்ல பிள்ளையின் நாளை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு பள்ளி நாள், ஒரு ஞாயிறு, ஆளுக்கு இரண்டு தாள் போதும்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ பிள்ளையின் தாளில் பள்ளி காலை 9 மணி வாக்கில் தொடங்கி மாலை 4 மணி தாண்டி முடியும், முன்னும் பின்னும் ஸ்பெஷல் கிளாஸ் ஒட்டிக்கொண்டிருக்கும், அப்புறம் டியூஷன். யாழ்ப்பாணத்தில் ஏ.எல் (அங்கத்து பிளஸ் டூ) படிக்கிற பிள்ளைக்குப் பள்ளி காலை 7.30-க்குத் தொடங்கி மதியம் 1.30-க்கு விட்டுவிடும். பள்ளி நேரத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் "அங்கே அரை நாள்தானே" என்று தோன்றும். கட்டங்களை எண்ணிப் பாருங்கள். மதியம் 2.30 வாக்கில் டியூஷன் ஆரம்பிக்கிறது, தியரி கிளாஸ், ரிவிஷன் கிளாஸ், பேப்பர் கிளாஸ் என்று சனியும் ஞாயிறும் அதிலேயே போய்விடுகிறது. பள்ளி எத்தனை மணிக்கு விட்டது என்று எழுதாதீர்கள், பிள்ளை அன்றைக்குக் கடைசியாகப் படிப்பை விட்டு எழுந்தது எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள்.

அடுத்து, சாப்பாடு எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பாருங்கள். 1.30-க்குப் பள்ளி விட்டு 2.30-க்கு டியூஷனில் உட்கார வேண்டிய பிள்ளை அந்த ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டுத் திரும்ப வேண்டும். வீடு தூரம் என்றால் அது நடக்காது, ரோல்ஸோ (உள்ளே கறி வைத்துச் சுருட்டிப் பொரித்தது) வடையோ வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போகும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் நிலைமை வேறு. 1982-ல் எம்.ஜி.ஆர் தொடங்கி, பின்னால் 15 வயது வரை நீட்டித்த சத்துணவுத் திட்டத்தால் 10-ஆம் வகுப்பு வரை மதியச் சாப்பாடும் முட்டையும் உண்டு. அதே பள்ளியில் அதே பிள்ளை 11-ஆம் வகுப்புக்குப் போனதும் அது நின்றுவிடுகிறது. உடம்பு வளர்வது மட்டும் நிற்பதில்லை. இது எனக்கு எப்போதும் ஆற்றாமையாக இருக்கிற விஷயம். எந்த ஆய்வறிக்கையின் சதவீதத்திலும் இது தெரியாது, 15 வயதுப் பிள்ளையின் தாளையும் 17 வயதுப் பிள்ளையின் தாளையும் பக்கத்தில் வைத்தால் உடனே தெரியும்.

தூக்கத்தை "எத்தனை மணி நேரம்" என்று கேட்டால் சும்மா ஏழு எட்டு என்று சொல்வார்கள். விளக்கை அணைத்தது எப்போது, போனைக் கீழே வைத்தது எப்போது, எழுந்தது எப்போது என்று தனித்தனியாகக் கேட்டு நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். 13 முதல் 18 வயதுக்கு 8-லிருந்து 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. இந்த வயதில் தூக்கம் வருகிற நேரமே உடம்புக்குள் இயல்பாகப் பின்னால் தள்ளிப்போகிறது, அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது நியாயமில்லை. அதனால் 7.30 மணிப் பள்ளிக்காக 5 மணிக்கு எழுகிற பிள்ளையும், 9 மணிப் பள்ளிக்கு முன்னால் ஸ்பெஷல் கிளாஸ் போகிற பிள்ளையும் ஏறக்குறைய ஒரே தூக்கக் கடனில்தான் இருக்கிறார்கள்.

பெண் பிள்ளைகளிடம் இன்னொரு கேள்வியைத் தனியாகக் கேளுங்கள்: நேற்றுக் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் வீட்டுக்கு வரும்போது எவ்வளவு மீதி இருந்தது? பாதிக்கு மேல் திரும்பி வந்திருந்தால் ஏன் என்று மெதுவாகக் கேளுங்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, மாதவிடாய் நாளில் நாப்கினைப் போட ஒரு கூடை இல்லை, டியூஷன் சென்டரில் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே கழிப்பறை, அதுவும் ஆண்பிள்ளைகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில். அதனால் காலையிலிருந்தே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். சாயங்காலத் தலைவலிக்கும், சிறுநீர் கழிக்கும்போது வருகிற எரிச்சலுக்கும் காரணம் பல சமயம் இதுதான், ஆனால் டாக்டரிடம் போனால் "நிறைய தண்ணி குடிம்மா" என்பதோடு முடிந்துவிடும். இரண்டு நாட்டிலும் இந்தக் கேள்விக்குப் பதில் வரும். பள்ளிக் கழிப்பறையோடு டியூஷன் சென்டரின் கழிப்பறையையும் கட்டாயம் கேளுங்கள், பள்ளிக்கு வருகிற பரிசோதனையும் கேள்விமுறையும் டியூஷன் கொட்டகை வரைக்கும் போவதில்லை.

உடற்பயிற்சிக்குத் தனிக் கேள்வி பெரிதாக வேண்டாம். சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்குகிற அளவு அசைவு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சைக்கிளில் போகிறார்களா, பஸ்ஸிலா, பைக்கில் அப்பா கொண்டுவிடுகிறாரா என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். விளையாட்டு பீரியடை எந்தப் பாட ஆசிரியர் எடுத்துக்கொண்டார் என்று கேட்டால் மீதியும் வந்துவிடும்.

பரீட்சை முடிந்தபின் என்ன வழி?

"உனக்கு ப்ரெஷர் எவ்வளவு, 10-க்கு எத்தனை?" என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. நெருக்கடி பாடத்தின் அளவில் மட்டும் இல்லை, தவறினால் என்ன ஆகும் என்பதில்தான் அதிகம் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு நாட்டுக்கும் நாலு விஷயத்தைக் கண்டுபிடியுங்கள்: ஒரு பிள்ளைக்கு எத்தனை தடவை வாய்ப்பு, ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் எவ்வளவு காலம், கிடைக்காவிட்டால் வேறு என்ன திறந்திருக்கிறது, அதற்குக் காசு யார் கொடுப்பது.

தமிழ்நாட்டில் மருத்துவம் படிக்க ஆசைப்படுகிற பிள்ளை மார்ச்சில் பிளஸ் டூ எழுதுகிறது, அது முடிந்ததும் மே தொடக்கத்தில் நீட் நுழைவுத் தேர்வு. 180 கேள்வி, 720 மதிப்பெண், 3 மணி நேரம். 2017-லிருந்து மருத்துவ இடத்துக்கான தரவரிசையில் பிளஸ் டூ மதிப்பெண் கணக்கில் வருவதில்லை, ஆனாலும் பிளஸ் டூவில் குறைந்தால் ஊரும் வீடும் சும்மா விடுவதில்லை. ஆக ஒரே பிள்ளை இரண்டு விதமான தயாரிப்பைச் சுமக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-லிருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, அது பெரிய ஆறுதல். நீட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது கேட்க நல்லதாக இருக்கும், ஆனால் அதனாலேயே "இன்னும் ஒரு வருஷம்" என்று கோச்சிங் ஹாஸ்டலில் வருடங்கள் போகின்றன. தனியார் கல்லூரி இடம் இருக்கிறது என்பதால் வீட்டை அடமானம் வைக்கலாமா என்ற பேச்சும் பிள்ளையின் காதில் விழுகிறது. இன்னொரு பக்கம் பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு வருடமும் இடம் காலியாகக் கிடக்கிறது. அதாவது ஏதோ ஒரு கல்லூரி கிடைத்துவிடும், நெருக்கடி எல்லாம் ஒரு சில இடங்களைச் சுற்றித்தான்.

இலங்கையில் தனி நுழைவுத் தேர்வு கிடையாது, ஏ.எல் எனப்படும் க.பொ.த. உயர்தரமே நுழைவுத் தேர்வு. மூன்று முதன்மைப் பாடம், அதிகபட்சம் மூன்று தடவை. இரண்டாவது தடவை எழுதுவதற்கு அங்கே "செக்கண்ட் ஷை" என்றே பெயர். 2001-லிருந்து இசட் புள்ளி முறை, அதாவது ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளையின் மதிப்பெண் சராசரிக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே என்று பார்த்துக் கணக்கிடுவது. பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் நாடு முழுவதற்குமான தகுதி வரிசைப்படி, 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இதனால் யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடத்துக்குப் போதாத புள்ளி முல்லைத்தீவில் போதுமானதாக இருக்கலாம், எனவே இலங்கைப் பிள்ளையிடம் பேசினால் மாவட்டத்தைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். அரச பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை, இது தமிழ்நாட்டுப் பெற்றோர் பலருக்குத் தெரியாத பெரிய விஷயம். ஆனால் தகுதி பெற்றவர்களில் பெரும்பாலானோருக்கு அங்கே இடமே கிடைப்பதில்லை. கிடைத்தாலும் காத்திருக்க வேண்டும்: 2022-ஆம் ஆண்டுக்கான ஏ.எல் 2023 ஜனவரியில்தான் தொடங்கியது, அதன் முடிவு அந்த வருடம் செப்டம்பரில் வந்தது, அதற்கப்புறம்தான் அனுமதி வேலையே.

எனக்குத் தெரிந்தவரை இந்தக் காத்திருப்பை யாரும் ஆரோக்கியப் பிரச்சினையாக எழுதுவதில்லை. 19 வயதில் பள்ளியும் இல்லாமல் கம்பஸும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிற காலம் அது. உங்கள் ஒப்பீட்டில் அதற்கு ஒரு வரி கொடுங்கள்.

இப்போது எண்களைத் தொடலாம்

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் யாரிடம் கேட்டார்கள், எப்படி அளந்தார்கள், எந்த வருடம் என்று எழுதுங்கள். இதை எழுத முடியாத எண்ணைப் பயன்படுத்தாதீர்கள், அது எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் சரி.

இரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு, இந்தியாவில் 15-19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம், ஆண்களில் 31.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது. 2016-18-ல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வோ 10-19 வயதில் பெண்களுக்கு 40, ஆண்களுக்கு 18 சதவீதம் என்கிறது. நாடு ஒன்றேதான்! முதல் ஆய்வில் விரல் நுனியில் குத்திச் சொட்டு இரத்தம் எடுத்துக் கையடக்கக் கருவியில் பார்த்தார்கள், இரண்டாவதில் இரத்தக்குழாயிலிருந்து ஊசியால் எடுத்து ஆய்வகத்தில் பார்த்தார்கள், வயது வரம்பும் வேறு. ஒரே நாட்டுக்குள்ளேயே இவ்வளவு இடைவெளி வரும்போது, ஒரு நாட்டின் விரல் நுனி எண்ணையும் இன்னொரு நாட்டின் இரத்தக்குழாய் எண்ணையும் வைத்து எந்த நாட்டுப் பிள்ளைக்கு இரத்தம் குறைவு என்று தீர்ப்பு எழுதினால் அது பொய்யாகிவிடும். 15 வயதுக்கு மேல் பெண்ணுக்கு 12 கிராம், ஆணுக்கு 13 கிராம் என்ற ஹீமோகுளோபின் அளவுகோலைத்தான் இரண்டு பக்கமும் வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

இரண்டு நாட்டிலும் பள்ளி வழியாக வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். "மாத்திரை கொடுத்தார்களா" என்று கேட்காமல் "போன வாரம் விழுங்கினாயா" என்று கேளுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதனால் ஜன்னல் வழியாகப் போவது நிறைய. சாப்பாட்டுக்குப் பின் போட்டு, உடனே டீ குடிக்காமல் இருந்தால் போதும்.

உடல் எடை எண்ணிலும் இதே சிக்கல். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டுகிற பி.எம்.ஐ-க்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் 2007 வளர்ச்சி அட்டவணை ஒன்று இருக்கிறது, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 அட்டவணை ஒன்று இருக்கிறது. எந்த அட்டவணை என்பதைப் பொறுத்து அதே பிள்ளை ஒன்றில் சரியான எடை, இன்னொன்றில் அதிக எடை ஆகிவிடலாம்.

மனநலம், அடிதடி, புகை, சாப்பாட்டுப் பழக்கம் எல்லாம் சேர்த்து 13-17 வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்கிற உலகளாவிய ஆய்வு ஒன்று உலகச் சுகாதார நிறுவனத்துடையது. இலங்கையில் 2016-ல் நடந்தது. இந்தியா என்று அதில் தேடினால் 2007 வரும், அதுவும் சி.பி.எஸ்.இ பள்ளிகளில் மட்டும் எடுத்தது. ஸ்டேட் போர்டில் படிக்கிற தமிழ்நாட்டுப் பிள்ளை அந்த எண்ணுக்குள் இல்லவே இல்லை. பல நாட்டு 15 வயதுப் பிள்ளைகளின் கற்றலை ஒப்பிடுகிற பீசா தேர்வில் தலைகீழ்: 2009 சுற்றில் "இந்தியா" என்றால் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டும்தான். நாட்டின் பெயரைப் பார்த்து நம்பிவிடாதீர்கள்.

வருடமும் முக்கியம். 2022-ல் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது, எரிபொருள் இல்லாமல் பள்ளிகளை மூடினார்கள். அந்த வருடத்து எண்ணை எடுத்து "இலங்கைப் பிள்ளைகள் இப்படித்தான்" என்று எழுதுவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

எண்ணாக வராத அமைப்புகளையும் ஒப்பிடுங்கள், பல சமயம் அதுதான் உருப்படியான பகுதி. இலங்கையில் 1, 4, 7, 10-ஆம் தரங்களில் (வகுப்புகளில்) சுகாதார அலுவலகத்திலிருந்து பள்ளிக்கே வந்து மருத்துவப் பரிசோதனை செய்யும் ஏற்பாடு நீண்ட காலமாக இருக்கிறது. இந்தியாவில் 2013-ல் தொடங்கிய திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பார்க்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை இலங்கை 2017-லேயே 6-ஆம் தர மாணவிகளுக்குத் தேசியத் திட்டமாகக் கொண்டுவந்துவிட்டது, தமிழ்நாடு 2025-26 பட்ஜெட்டில்தான் 14 வயதுப் பெண்களுக்கு அறிவித்தது. குளிர்பானத்தில் சர்க்கரை எவ்வளவு என்று சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் போட வேண்டும் என்ற விதி இலங்கையில் 2016-லிருந்து இருக்கிறது. சாப்பாட்டில் தமிழ்நாடு முன்னால், தடுப்பூசியிலும் லேபிளிலும் இலங்கை முன்னால் என்பது என் கணிப்பு.

மனதைப் பற்றிக் கேட்கும்போது

தற்கொலை எண்களை வைத்துப் பரீட்சை நெருக்கடியை அளக்காதீர்கள். இந்தியாவில் "தேர்வில் தோல்வி" என்ற காரணம் காவல்துறைப் பதிவிலிருந்து வருவது, ஒரு உயிர் போனதற்கு ஒற்றைக் காரணம் அநேகமாக இருப்பதில்லை. இலங்கையில் 1995 வாக்கில் உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று இருந்தது, கொடிய பூச்சிக்கொல்லிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்ததும் அது பெருமளவு குறைந்தது. டியூஷன் குறையவில்லை, பரீட்சை இலகுவாகவும் இல்லை. அந்த எண் வேறு ஒன்றைச் சொல்கிறது.

"மன அழுத்தம் இருக்கா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: போன 7 நாளில் எத்தனை ராத்திரி கவலையில் தூக்கம் வரவில்லை? மார்க் குறைந்தால் முதலில் யாரிடம் சொல்வாய்? சொல்ல முடியாத ஆள் யார்? வீட்டில் உன்னை யாரோடு ஒப்பிடுவார்கள்? கடைசிக் கேள்விக்கு இரண்டு நாட்டிலும் பிள்ளைகள் நிறுத்தாமல் பேசுவார்கள்.

தலைமை ஆசிரியரின் (இலங்கையில் அதிபரின்) அனுமதி, பெற்றோரின் சம்மதம், பிள்ளையின் சம்மதம் மூன்றும் வேண்டும். பெயர் எழுத வேண்டாம், பள்ளிப் பெயரும் வேண்டாம். பதில் சொல்லப் பிடிக்காத கேள்வியை விட்டுவிடலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்கிறவர் அந்தப் பிள்ளைக்கு மார்க் போடுகிற ஆசிரியராக இருக்கக் கூடாது. யாராவது தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகவோ, யாரோ தொந்தரவு கொடுப்பதாகவோ சொன்னால் ஒப்பீட்டை அப்படியே வைத்துவிட்டு, நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள். இந்தியாவில் மனநல உதவிக்கு 14416, குழந்தைகளுக்கு 1098; இலங்கையில் மனநல உதவிக்கு 1926, குழந்தைகளுக்கு 1929. இந்த எண்களைத் தாளின் அடியிலேயே அச்சடித்துவிடுங்கள்.

யாரை யாரோடு?

திருச்சி நகரத்து சி.பி.எஸ்.இ பள்ளியையும் கிளிநொச்சிக் கிராமத்துப் பாடசாலையையும் ஒப்பிட்டால் உங்களுக்குக் கிடைப்பது பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம். கிராமத்து அரசுப் பள்ளியை கிராமத்து அரசுப் பள்ளியோடு வையுங்கள், பயோ பிரிவை பயோ பிரிவோடு. பரீட்சைக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்பதும் ஒத்துப்போக வேண்டும், நாட்காட்டி மாதம் ஒன்றாக இருப்பது முக்கியமில்லை.

நாட்டுக்கு 20 பேர் கிடைத்தால் நல்ல வேலைதான், ஆனால் அதைச் சதவீதமாக்காதீர்கள். "65 சதவீதம் காலைச் சாப்பாடு சாப்பிடுவதில்லை" என்று எழுதினால் நாடே சாப்பிடாதது போல இருக்கும், "20 பேரில் 13 பேர் நேற்றுக் காலை சாப்பிடவில்லை" என்று எழுதினால் நடந்தது நடந்தபடி இருக்கும். எழுதி முடித்ததும் முதல் வரைவை இரண்டு பக்கப் பிள்ளைகளிடமும் படிக்கக் கொடுங்கள், தாங்கள் சொன்னதை நீங்கள் எங்கே வேறு மாதிரிப் புரிந்துகொண்டீர்கள் என்று அவர்களே காட்டுவார்கள்.

அப்புறம் அதை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் பள்ளி மேலாண்மைக் குழு, இலங்கையில் பாடசாலை அபிவிருத்திச் சங்கம், இரண்டிலும் பெற்றோர் உட்கார்ந்திருக்கிறார்கள். பரீட்சை முறையை அவர்களால் மாற்ற முடியாது, ஆனால் கழிப்பறைத் தாழ்ப்பாள், மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் கொடுப்பது, காலை ஸ்பெஷல் கிளாஸை அரை மணி தள்ளிப் போடுவது எல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. எந்தக் கூட்டத்தில், யாரிடம், எதைக் கேட்கப் போகிறீர்கள் என்பதை ஒப்பீட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.